முப்பத்தாறாம் சைஸில் முப்பத்தாறு ஜோடி

2014-ஆம் வருடம், ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம். ஒரகடம் கூட்டு ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, வடக்குப்பட்டில் ஒரு வீட்டில் ஆரம்பித்த கதை இது. 

எனக்குச் சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். கம்ப்யூட்டர் படித்துவிட்டு, ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ஆபீசில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஆபீஸ் என்றதும் கண்ணாடி போட்ட பெரிய கட்டடத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். டயர் கடைக்கு மேலே இரண்டு அறை, அவ்வளவுதான். கீழே டயர் கழற்றும் சத்தத்தில் மேலே போன் பேச முடியாது. மளிகைக் கடை, ஹார்டுவேர் கடை போன்றவற்றுக்கு பில் போடும் சாஃப்ட்வேர் செய்து கொடுப்போம். ஆன்லைனில் பொருள் விற்பது சூடு பிடித்த நேரம் அது. எங்கள் முதலாளியும் சும்மா இருப்பாரா? "உங்கள் கடை ஸ்டாக்கையும் ஆன்லைன் கடை ஸ்டாக்கையும் இணைத்துத் தருகிறோம்" என்று விசிட்டிங் கார்டில் ஒரு வரி சேர்த்துவிட்டார். அந்த இணைப்பு வேலைக்கு ஏபிஐ என்று பெயர். கடைக்காரர் தன் ஆன்லைன் கணக்கிலிருந்து ஒரு ரகசியச் சாவியை எடுத்துத் தருவார். அதை எங்கள் சாஃப்ட்வேரில் போட்டால், 'இது நம்ம ஆள்தான்' என்று ஆன்லைன் சந்தை எங்களை உள்ளே விடும். அப்புறம் கடையில் ஒரு பொருள் விற்றால் ஆன்லைனிலும் தானாக ஒன்று குறைந்துவிடும்.

அந்த வேலைக்காகத்தான் வடக்குப்பட்டில் ஒரு வாடிக்கையாளர் வீட்டுக்குப் போனேன். அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்கா அந்த ஊர்க்காரர்தான். பக்கத்தில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வருடக்கணக்காக லைனில், அதாவது பொருள் நகர்ந்து வரும் பெல்ட் முன்னால், நின்று வேலை பார்த்தவர். ஆட்குறைப்பில் வேலை போனது. வீட்டில் சும்மா உட்காராமல் ஷூ வியாபாரம் ஆரம்பித்தார். சாதாரண ஷூ இல்லை. தொழிற்சாலையில் போடும் சேஃப்டி ஷூ, அதுவும் பெண்கள் காலுக்கான சின்ன சைஸ்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். லைனில் நின்றவர்களுக்குத் தெரியும். அப்போதெல்லாம் பல இடங்களில் ஆம்பளைக் காலுக்குச் செய்த ஷூவைத்தான் பொம்பளைப் பிள்ளைகளுக்கும் கொடுப்பார்கள். இரும்பு முனை வைத்த பெரிய ஷூவுக்குள் சின்னக் கால் எட்டு மணி நேரம் முன்னும் பின்னும் போய் வந்துகொண்டிருக்கும். குதிகால் உரியும், நகம் கறுக்கும். அக்காவின் கால் கட்டைவிரல் நகம் அப்படித்தான் போயிருந்தது. அந்தக் கோபத்தில் ஆம்பூர் வரை போய், ஷூ தைக்கும் ஒருவரைப் பிடித்து, 35, 36, 37, 38 என்று சின்ன சைஸில் செய்யச் சொல்லி வாங்கி வந்து, கம்பெனிப் பிள்ளைகள் தங்கும் ஹாஸ்டல் ஹாஸ்டலாக விற்றார். பிறகு ஒரு பெரிய ஆன்லைன் சந்தையிலும் கடை போட்டார்.

அங்கேதான் சிக்கல். ஹாஸ்டலில் விற்ற அதே ஜோடியை ஆன்லைனிலும் யாராவது வாங்கிவிடுவார்கள். அனுப்ப முடியாமல் ரத்து செய்வார். சில முறை இப்படி ஆனதும் சந்தையிலிருந்து கடிதம் வந்துவிட்டது. இன்னும் ஒரு முறை ஆர்டரை ரத்து செய்தால் கணக்கு மூடப்படும், அதே பெயரில் மறுபடி திறக்க முடியாது என்று. அந்தப் பயத்தில்தான் எங்களைக் கூப்பிட்டிருந்தார். "எனுக்கு இருக்கறது இது ஒண்ணுதான்மா. இதுவும் போச்சினா மறுபடியும் யார் கம்பெனி வாசல்ல போய் நிக்கறது?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கை முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தது.

காலையில் வேலை சுலபமாகத்தான் முடிந்தது. கணக்கிலிருந்து சாவி எடுக்க, பதிவு செய்த செல் நம்பருக்கு ஓடிபி வரும். அது அக்காவின் கணவர் நம்பர். அவர் ஒரகடத்தில் ஒரு கார் பாகங்கள் கம்பெனியில் பர்மனென்ட். அன்று செகண்ட் ஷிஃப்ட், மதியம்தான் போக வேண்டும் என்பதால் வீட்டில்தான் இருந்தார்; குழந்தை மட்டும் பாட்டி வீட்டில். செல்லைக் கண்ணுக்குக் கிட்டே வைத்து எண்களை ஒவ்வொன்றாகப் படித்தார். போட்டேன். கதவு திறந்தது. ஸ்டாக் எல்லாம் மேலே ஏறியது. ஆபீசுக்குப் போன் போட்டு, சாஃப்ட்வேர் எழுதிய அண்ணனிடம், "இணைஞ்சிடுச்சுண்ணே!" என்று பெருமையாகச் சொன்னேன். அக்காவின் கணவர் சாப்பிட்டுவிட்டு கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிட்டார். அக்கா என்னைச் சாப்பிடாமல் விடவில்லை. நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. மறுபடி போட்டுச் சாப்பிட்டேன்.

கை கழுவிக்கொண்டிருக்கும்போது லேப்டாப்பில் 'டிங்' என்று ஒரு சத்தம். ஆர்டர். அக்கா முகம் மலர்ந்தது. "உன் கை ராசிமா!" என்றார். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. பிறகு மூன்றாவது. அதைத் திறந்து பார்த்த அக்கா அப்படியே நின்றுவிட்டார்.

ஓசூர் பக்கம் ஒரு கம்பெனியிலிருந்து மொத்தமாக இருபது ஜோடி. எல்லாம் 36-ம் 37-ம்.

"இன்னாமா இது? 36-ல ரெண்டு ஜோடிதானே கீது நம்மகிட்ட? எப்படி இத்தினி எடுக்க வுட்டுச்சி?"

கடைப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். 35 சைஸ், கையிருப்பு 35. 36 சைஸ், கையிருப்பு 36. 37 சைஸ், கையிருப்பு 37. எனக்குக் காதுக்குள் 'ஙொய்' என்று ஒரு சத்தம் கேட்டது. எங்கள் சாஃப்ட்வேர் மளிகைக் கடைக்காக எழுதியது. பருப்புக்கும் உப்புக்கும் சைஸ் ஏது? அதனால் சைஸுக்கென்று தனிக் கட்டமே அதில் கிடையாது. அண்ணன் அவசரத்துக்கு ஏதோ ஒரு கட்டத்தில் சைஸைப் போட்டு ஒப்பேற்றியிருந்தார். சந்தை அந்தக் கட்டத்தைத்தான் கையிருப்பு என்று எடுத்துக்கொண்டது. ஆயிரம், இரண்டாயிரம் என்று காட்டியிருந்தால் காலையிலேயே கண்ணில் குத்தியிருக்கும். முப்பத்தாறு ஜோடி என்பது எவ்வளவு நல்ல பிள்ளையாக இருக்கிறது பாருங்கள்.

அண்ணனுக்குப் போன் போட்டேன். "நீ பதறாதே, நான் இங்கேருந்தே சரியான ஸ்டாக்கை அனுப்பிடறேன்" என்றவர், என்னைவிடப் பதறிப்போனார். அனுப்பும் பொத்தானை ஒருமுறை அமுக்கியிருக்கிறார். உடனே மாறவில்லை என்றதும் மறுபடி, மறுபடி, மறுபடி. எதிர்ப்பக்கம் இருப்பது மிஷின்தானே? எவனோ கதவை உடைக்கப் பார்க்கிறான் என்று நினைத்துச் சாவியை முடக்கிவிட்டது. எங்களையும் வெளியே தள்ளிவிட்டது. மறுபடி உள்ளே வர வேண்டுமானால் பதிவு செய்த எண்ணுக்கு வரும் ஓடிபியைப் போடவும் என்று திரையில் ஒரு வரி.

பதிவு செய்த எண். அதாவது, கிளம்பிப் போய்விட்ட அக்காவின் கணவர் எண்.

ஒரகடம் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. எங்கே செல் நம்பர் கேட்டாலும், வீட்டில் யார் பர்மனென்டோ அவர் நம்பரைத்தான் கொடுப்பார்கள். கேஸ் சிலிண்டருக்கு, பள்ளிக்கூடத்துக்கு, சீட்டுப் பிடிக்கிறவருக்கு, எல்லாவற்றுக்கும். கான்ட்ராக்டில் இருப்பவன் இன்றைக்கு ஒரு சிம், நாளைக்கு ஆஃபர் பார்த்து வேறு சிம் போடுவான். பர்மனென்ட் ஆள் எங்கே போகப் போகிறார்? அக்காவும் அப்படித்தான் தன் கடைக்குக் கணவர் நம்பரைக் கொடுத்திருந்தார். நியாயமான வழக்கம்தான். ஒன்றைத்தான் யாரும் யோசிக்கவில்லை. பர்மனென்ட் ஆளின் செல், ஷிஃப்ட் முடிகிறவரை கம்பெனி கேட்டில் டோக்கன் போட்டுப் பூட்டிக் கிடக்கும். கேமரா உள்ள செல்லை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். அவர் ஷிஃப்ட் முடிந்து செல்லைத் தொட ராத்திரி ஆகிவிடும். அதற்குள் இந்தக் கடை எத்தனை பேருக்கு இல்லாத ஷூவை விற்றிருக்கும்?

சந்தையின் உதவி எண்ணுக்கு அடித்தேன். வெகு நேரம் பாட்டுப் போட்டுவிட்டு ஒரு பெண் வந்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "கண்டிப்பாக உதவுகிறோம் மேடம், உங்கள் எண்ணுக்கு இப்போது வந்திருக்கும் ஓடிபியைச் சொல்லுங்கள்" என்றார். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. ஏதாவது அதிசயம் நடக்காதா என்று நானும் இரண்டு மூன்று தடவை 'ஓடிபி அனுப்பு' என்பதை அமுக்கிப் பார்த்தேன். அது எவ்வளவு பெரிய வம்பு என்று அப்போது தெரியவில்லை.

'டிங்.' இன்னொரு ஆர்டர்.

அக்கா லேப்டாப்பை மூடி என் கையில் கொடுத்தார். டேட்டா கார்டையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஸ்கூட்டியை வெளியே தள்ளினார். "ஏறு" என்றார்.

ஒரகடம் ரோட்டில் அன்று போனது போல் நான் என்றைக்கும் போனதில்லை. புதுக் கார்களை அடுக்கிய நீள லாரிகளுக்கு நடுவில் அக்கா நுழைந்து நுழைந்து ஓட்டுகிறார். நான் லேப்டாப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பின்னால் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறேன்.  அக்காவின் முதுகு கல் மாதிரி விறைத்திருந்தது.

கம்பெனி கேட்டில் ஒரு செக்யூரிட்டி. மீசை நரைத்தவர், முகத்தில் சிரிப்பே கிடையாது. அக்கா விஷயத்தைச் சொன்னார். ஆன்லைன், சாவி, ஓடிபி என்று நானும் நடுவில் புகுந்து குழப்பினேன்.

"அதெல்லாம் எனுக்குத் தெரியாதுமா. ஆளு இல்லாம லாக்கரத் தொறக்க முடியாது. லைன்ல கீற ஆள நடுவுல இட்டாரவும் முடியாது. டீ பிரேக்ல வருவாரு, அப்ப பாத்துக்கோ."

"அண்ணே, அதுக்குள்ள எல்லாம் போயிடும்ண்ணே..."

"ஆஸ்பத்திரி கேசா?"

"இல்லண்ணே."

"அப்ப டீ பிரேக்கு."

பொய் சொல்லியிருக்கலாம். குழந்தைக்கு ஜுரம் என்று ஒரு வார்த்தை போதும். அக்காவுக்கு அது வாயில் வரவில்லை. டீ பிரேக்கில் கேட்டுக்கு வரச் சொல்லி உள்ளே தகவல் சொல்ல மட்டும் அவர் ஒத்துக்கொண்டார். நாங்கள் எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் லேப்டாப்பைத் திறந்து வைத்து உட்கார்ந்தோம். சந்தையின் பக்கத்துக்குள் போக முடியாது. ஆனால் அக்காவின் ஈமெயிலுக்கு ஆர்டர் வந்த தகவல் மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

கேட்டுக்குப் பக்கத்தில் கம்பெனிக்காரர்கள் கட்டிய சின்னப் பிள்ளையார் கோயில். அக்கா எழுந்து போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றார். ஊர் உலகத்தில் எல்லாக் கடைக்காரரும் வியாபாரம் நடக்கணும் என்றுதான் சாமி கும்பிடுவார்கள். ஆர்டர் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்ட கடைக்காரரை அந்தப் பிள்ளையார் அன்றுதான் பார்த்திருப்பார். நானும் உட்கார்ந்த இடத்திலிருந்தே கும்பிட்டேன். எதிரே இருந்த டீ ஆறிப்போய் ஆடை கட்டியது. இருவருமே தொடவில்லை. அந்த நேரத்தில் ஒரு விஷயம் எனக்கு உறைத்தது. எனக்கு இது ஒரு மோசமான நாள். ஆபீசில் திட்டு வாங்குவேன், மிஞ்சிப்போனால் வேறு வேலை தேடுவேன். அக்காவுக்கு அப்படி இல்லை.

டீ பிரேக் ஹூட்டர் ஊதியதும் எழுந்து ஓடினோம். உள்ளேயிருந்து அக்காவின் கணவர் ஓட்டமும் நடையுமாக வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. வீட்டில் என்னவோ ஏதோ என்று நினைத்து வந்திருக்கிறார்.

"குழந்தைக்கு ஒண்ணும் இல்ல மாமா. கடைதான்" என்றார் அக்கா.

செக்யூரிட்டி டோக்கனை வாங்கி லாக்கரைத் திறந்து செல்லைக் கொடுத்தார். தன் அறை ஜன்னல் பக்கமாகவே நின்று பார்க்கச் சொன்னார். செல் அணைந்திருந்தது. அது உயிர் பெற்று, செல் கம்பெனியின் பெயர் காட்டி, ஒன்றையொன்று பிடிக்கும் இரண்டு கை காட்டி, பாட்டுப் பாடி... அந்தப் பாட்டு முடியவே மாட்டேன் என்றது. சிக்னல் வந்ததும் நான் லேப்டாப்பில் 'ஓடிபி அனுப்பு' என்று அமுக்கினேன்.

'டிங் டிங் டிங்' என்று செல்லில் மெசேஜ்கள் கொட்டின. முதலில் கண்ணில் பட்ட எண்ணை அவர் படித்தார். போட்டேன். தவறு.

அப்போதுதான் புரிந்தது. மதியம் நான் அமுக்கிய ஓடிபி எல்லாம் இப்போதுதான் வந்து இறங்குகின்றன. எது பழசு, எது புதுசு? வந்திருப்பதில் கடைசியாக இருந்ததைப் படிக்கச் சொன்னேன். போட்டேன். அதுவும் தவறு. 'இன்னும் ஒரு முறைதான் முயற்சி செய்யலாம்' என்று சிவப்பில் எழுதி வந்தது. அதுவும் தப்பினால் நாளை வரை திறக்காது.

ஹூட்டர் ஊதியது. டீ பிரேக் முடிந்தது.

அக்காவின் கணவர் செல்லைப் பார்க்கிறார், உள்ளே பார்க்கிறார். லைன் நகரத் தொடங்கும்போது அவர் இடத்தில் ஆள் இல்லை என்றால் பின்னால் இருக்கிற அத்தனை பேரும் நிற்க வேண்டும். "நான் போணும்" என்றார் பாவமாக. செல்லை எங்களிடம் கொடுத்துவிட்டுப் போகவும் முடியாது. டோக்கன் போட்ட பொருளை வெளியே கொடுக்க வேண்டுமென்றால் அதற்கு வேறு கையெழுத்து, வேறு அதிகாரி. அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைத்தான் பார்த்தார்.  இன்னும் வராத ஒரு மெசேஜ் வரும் என்று நம்புவதா, கையில் இருப்பதில் ஒன்றைப் போட்டுப் பார்ப்பதா?

அப்போது செக்யூரிட்டி மேஜை மேல் இருந்த போனை எடுத்தார்.

"சார், மெயின் கேட்டு. உங்க லைன் ஆளு ஒருத்தரு இங்க கீறாரு. ஐடி கார்டு செக் பண்ணிக்கினு கீறேன். ரெண்டு நிமிசத்துல அனுப்பறேன் சார்... ஆமா சார், நாந்தான் நிறுத்தி வச்சிக்கிறேன்."

போனை வைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பாமலேயே, "சீக்கிரம் பாரு" என்றார்.

ஆஸ்பத்திரி கேசா என்று கேட்டவர். நாங்கள் சொல்லத் தயங்கிய பொய்யை எங்களுக்காக அவர் சொன்னார், அதுவும் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு.  நன்றி சொல்லக்கூட நேரமில்லை.

"யாரும் எதையும் அமுக்க வேண்டாம். காத்திருப்போம்" என்றேன். நான்கு பேரும் அந்தச் சின்னச் செல்லைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. செக்யூரிட்டி கையைக் காட்டி அதை நிறுத்தி வைத்தார். செல் ஒருமுறை அதிர்ந்தது. அக்காவின் கணவர் படித்தார்.  நான் ஒவ்வொரு எண்ணாகத் திருப்பிச் சொல்லிப் போட்டேன்.

திறந்தது.

முதல் வேலையாக எல்லா சைஸின் கையிருப்பையும் பூஜ்யம் ஆக்கினேன். முடக்கிய பழைய சாவியை அடியோடு அழித்தேன். அக்காவின் கணவர் செல்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே ஓடினார். செக்யூரிட்டி லாரிக்கு கேட்டைத் திறக்கப் போய்விட்டார். நாங்கள் கும்பிட்டதை அவர் பார்த்தாரா என்று தெரியவில்லை.

தப்பித்தோம் என்று நினைத்தேன். அக்கா அப்படி நினைக்கவில்லை. "வந்த ஆர்டர் வந்ததுதானேமா" என்றார்.

அதுதானே உண்மை. கதவை மூடிவிட்டோம், உள்ளே வந்தவர்கள் உள்ளேதான் இருக்கிறார்கள். ஓசூர் ஆர்டரோடு சேர்த்து இருபத்தைந்து ஜோடிக்கு மேல். வீட்டில் இருப்பதை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். மறுநாளே மறைமலை நகர் கூரியரில் சேர்க்க வேண்டும். ஆம்பூர்க்காரருக்குப் போன் போட்டால், பத்து நாளாவது ஆகும் என்கிறார். ரத்து செய்தால் கடை போச்சு. சாண் ஏறினால் முழம் சறுக்குகிறது.

"போன ஞாயித்துக்கெழம ஹாஸ்டல்ல நிறைய வித்தேன்னு சொன்னீங்களேக்கா? அந்தப் பிள்ளைங்க எப்ப லைனுக்குப் போறாங்க?" என்று கேட்டேன்.

"புது பேட்ச்சு. டிரெய்னிங்ல கீதுங்க. திங்கக்கெழம லைனு." சொல்லிவிட்டு, நான் என்ன சொல்ல வருகிறேன் என்று புரிந்ததும் அக்கா தலையை ஆட்டினார். "அய்ய, வேணாம்மா. வித்த பொருளத் திரும்பக் கேட்டா அது இன்னா கடை? அதுங்க கால் புண்ணுக்குத்தானே நான் கடையே வச்சேன்."

அவருக்குக் கேட்க வாய் வராது. நான்தான் கேட்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன். ஹாஸ்டலில் இருப்பவர்கள் தெற்கத்திப் பிள்ளைகள். என் ஊர்ப் பேச்சு.

ஹாஸ்டல் என்றால், ஒரு வீட்டை அறை அறையாகப் பிரித்து வாடகைக்கு விட்டது. டிரெய்னிங் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிய நேரம். துணி துவைக்கத் தண்ணீர்க் குழாயில் வாளிகள் வரிசையில் நின்றன. அக்காவைப் பார்த்ததும் சுற்றிக்கொண்டார்கள். நான் சுருக்கமாகச் சொன்னேன். உங்களிடம் விற்ற ஷூவில் போடாமல் பெட்டியிலேயே இருப்பதை இரவல் தாருங்கள், புதுசு வந்ததும் முதலில் உங்களுக்குத்தான், பணம் வேண்டுமென்றால் இப்போதே திருப்பிவிடுகிறோம் என்று.  ஒரு பெண், "திங்கக்கெழம லைன்ல நிக்கணுமேக்கா" என்று மெதுவாகச் சொன்னாள். நியாயம்.  அக்கா, "வுடும்மா, போலாம்" என்று என் கையைப் பிடித்து இழுத்தார்.

அப்போது உள்ளேயிருந்து ஒரு பெண் பெட்டியோடு வந்தாள். நடை கொஞ்சம் சாய்ந்திருந்தது. டிரெய்னிங்கில் கம்பெனி கொடுத்த பெரிய ஷூ போட்டு இரண்டு குதிகாலும் உரிந்து, துணி சுற்றியிருந்தாள். மற்றவர்களைவிட அவளுக்குத்தான் அந்த ஷூ அவசரம். பெட்டியைத் திறந்து, காகிதம் கலையாமல் இருக்கிறதா என்று பார்த்து மூடி, அக்காவின் கையில் வைத்தாள்.

அக்கா வாங்கவில்லை. "உன் கால பாரு, புண்ணு. நீ வச்சிக்க கண்ணு" என்றார்.

"நான் பஞ்சு வச்சுச் சமாளிச்சுக்கிடுதேன். பத்து நாள்தானக்கா? உங்க கடைய மூடிட்டாங்கன்னா அடுத்த வருசம் வாற பிள்ளைகளுக்கு யாரு கொண்டாந்து குடுப்பா?"

சாதாரணமாகச் சொன்னாள், பஸ் போய்விட்டதா என்று கேட்பது மாதிரி. சொல்லிவிட்டு வாளியைப் பார்க்கக் குழாயடிக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு நான் எதுவும் கேட்கவில்லை. ஒவ்வொருத்தியாக உள்ளே போய்ப் பெட்டியோடு வந்தார்கள். "எக்கா, நான் ஒரு நாள் போட்டுட்டேன், செல்லுமா?" என்று ஒருத்தி கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. பெட்டிகளை மடியில் அடுக்கி வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதுகொண்டிருந்தார். காலையிலிருந்து அடக்கி வைத்தது எல்லாம் அங்கே வந்தது.

மறுநாள் எல்லா ஆர்டரும் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குக் கிளம்பின. ஒன்றைக்கூட ரத்து செய்யவில்லை. கடை பிழைத்தது. ஆம்பூரிலிருந்து சரக்கு சொன்ன நாளுக்கு வரவில்லை, இன்னும் தள்ளித்தான் வந்தது. அத்தனை நாளும் அந்தப் பிள்ளைகள் பெரிய ஷூவுக்குள் பஞ்சு வைத்துக்கொண்டுதான் லைனில் நின்றார்கள். ஒருத்திகூட அக்காவுக்குப் போன் போட்டு எப்போது வரும் என்று கேட்கவில்லை. சரக்கு வந்து இறங்கிய அன்று அக்கா ஆன்லைனில் ஒரு ஜோடிகூட ஏற்றாமல், நேராக ஹாஸ்டலுக்குத்தான் போனார். நானும் கூடப் போனேன். அந்தப் பெண் புது ஷூவைப் போட்டு நாலு அடி நடந்து பார்த்தாள். குதிகாலில் தழும்பு அப்படியே இருந்தது.

அன்று மதியம் முழுக்க ஒரு மிஷின் எங்களை நீ யார், நிரூபி என்று கேட்டுக்கொண்டே இருந்தது. அதன் மேல் தப்பில்லை, அதன் வேலை அது. நாங்கள் இன்னார் என்று தெரியாமலேயே எங்களுக்காக ஒரு மனிதர் போனை எடுத்தார். ஒரு பெண் தன் புண்ணான காலைக் கூட நினைக்காமல், இன்னும் ஊரிலிருந்து கிளம்பாத யாரோ பிள்ளைகளின் காலை நினைத்தாள்.

இப்போது நான் வேறு ஊரில், கொஞ்சம் பெரிய ஆபீசில், அதே இணைப்பு வேலைதான் பார்க்கிறேன். எத்தனையோ கடைகளை இணைத்தாகிவிட்டது. ஆனாலும் வேலை முடிந்தது என்று நாற்காலியை விட்டு எழும் முன், இந்தக் கட்டங்களை நம்பி வெளியே எத்தனை கால்கள் நிற்கின்றனவோ என்று நினைத்து, ஒருமுறை உட்கார்ந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.